குழம்பில் கரையும் கூலி

உலை வைக்க வீட்டில் அரிசி இல்லை என்ற பேச்சு சிவகிரிப் பக்கம் இப்போது அபூர்வம். 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதற்கு முன்பும் 2008 செப்டம்பரிலிருந்து கிலோ ஒரு ரூபாய்தான். ஆனால் அந்தச் சோற்றின் மேல் ஊற்றுவதற்குப் பருப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும், புளி, வத்தல், மல்லி, வெங்காயம், தக்காளி, அரை மூடித் தேங்காய் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். அதனால் விலைவாசி ஏறும்போதெல்லாம் இந்த ஊர் வீடுகளில் முதல் அடி குழம்புச் சட்டிக்குத்தான் விழுகிறது. அரிசிப் பானை நிறைந்திருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

சிவகிரி, ராஜபாளையத்துக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் தாலுகாத் தலைநகரம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. நெல்லும் கரும்பும் தென்னையும் எலுமிச்சையும் விளைகிற பூமி. விளைகிற ஊரில் விலைவாசியைப் பற்றி என்ன கவலை என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்குத் தோட்டம் சொந்தமில்லை என்பதே அதற்குப் பதில். சொந்தமாக ஒரு ஏக்கர் வைத்திருப்பவரும் நெல்லை விற்றுவிட்டு வந்துதான் பருப்பு வாங்குகிறார்.

விலை உயர்வு எப்படி வீட்டுக்குள் நுழைகிறது என்று பார்க்க வேண்டுமானால் வேலை விட்டு ஆட்கள் திரும்பும் சாயங்கால நேரத்தில் ஒரு மளிகைக் கடை ஓரமாக நின்றால் போதும். "அண்ணாச்சி, இருவது ரூவாய்க்குத் தக்காளி போடுங்க." "முப்பது ரூவாய்க்கு எண்ணெ." "பத்து ரூவாய்க்குப் புளி." கிலோ என்ன விலை என்ற கேள்வியே எழாது. கையில் இருக்கிற கூலியை ஏழெட்டுச் சாமானுக்குப் பங்கு போட்டுத்தான் கேட்பார்கள். தக்காளி கிலோ 20 ரூபாய் விற்கும் நாளில் அந்த இருபது ரூபாய்க்கு ஒரு கிலோ வரும். நூறு ரூபாய் விற்கும் நாளில் கால் கிலோகூட வராது, இருநூறு கிராம்தான். தராசில் நாலு பழத்தை வைத்துவிட்டு, "இதுக்கு மேல நிக்காது தாயி" என்பார் கடைக்காரர். கணக்கு நோட்டில் செலவு அதே இருபது ரூபாயாகத்தான் பதிவாகும். குறைந்தது பழம். அன்றைக்கு வைக்க நினைத்த குழம்பு ரசமாகிவிடும், அல்லது பழத்தை விட்டுவிட்டுப் புளியைக் கூடக் கரைத்துக்கொள்வார்கள்.

பாக்கெட்டில் வரும் சாமான்களுக்கும் இதே கதைதான். ஐந்து ரூபாய் பிஸ்கட்டும் பத்து ரூபாய் சோப்பும் விலை மாறாமல் பல வருஷம் நின்றன. உள்ளே இருக்கும் எடைதான் இளைத்துக்கொண்டே வந்தது. காலையில் டீயோடு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு அது பசியாகத் தெரியும்.

சைபருக்குப் பக்கத்தில் போன பணவீக்கம்

2025 அக்டோபர் மாதத்துக்கான சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்த வரிசையில் அதற்கு முன் அவ்வளவு குறைவாகப் பதிவானதே இல்லை. உணவுப் பொருள்களை மட்டும் எடுத்தால் மைனஸ் 5.02 சதவீதம். சிவகிரியில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், "யாருக்குக் குறைஞ்சுதாம்?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். அந்த எண் சொல்லும் விஷயமும் அவர்கள் கேட்கும் விஷயமும் வேறு வேறு.

பணவீக்க விகிதம் என்பது போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் விலை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது மட்டும்தான். 2024 அக்டோபரில் நாடு முழுக்கக் காய்கறி விலை அதற்கு முந்தைய அக்டோபரைவிட 42.18 சதவீதம் கூடியிருந்தது. உணவுப் பணவீக்கம் அப்போது 10.87. அவ்வளவு உயரமான மேட்டிலிருந்து அளந்தால் அடுத்த வருஷத்து விலை பள்ளத்தில் இருப்பதாகத்தான் தெரியும். காய்கறி உண்மையிலேயே இறங்கியது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே 2025 அக்டோபரில் சமையல் எண்ணெய் வகைகள் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறித்தான் இருந்தன. காய்கறி இறங்கியதும் எண்ணெய் ஏறியதும் சேர்ந்து ஒரே எண்ணாகும்போது இரண்டும் மறைந்துவிடுகின்றன.

இன்னொன்றும் உண்டு. உணவுப் பொருள் விலை 2019-20ல் சராசரியாக 6.7 சதவீதம் ஏறியது. அடுத்த வருஷம் 7.7, பிறகு 3.8, 6.6, 7.5, 2024-25ல் 7.3. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தியில் கேட்டால் சின்ன எண்கள். ஆனால் ஒவ்வொரு வருஷத்து ஏற்றமும் முந்தின வருஷத்து ஏற்றத்தின் மேல் உட்காருகிறது. வட்டிக்கு வட்டி போலப் பெருக்கிப் பார்த்தால், 2018-19ல் நூறு ரூபாய்க்கு வந்த சாப்பாட்டுச் சாமான் ஆறு வருஷத்தில் ஏறக்குறைய 147 ரூபாய் ஆகியிருக்கிறது. விகிதம் சைபருக்கு வந்தால்கூட விலை அந்த 147-லேயே நிற்கும், நூறுக்குத் திரும்பாது. சிவகிரியில் கேட்ட அந்தக் கேள்வி இந்த 47 ரூபாயைப் பற்றியது.

யாருடைய கூடையை அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். பழைய வரிசையில் உணவுக்கும் பானங்களுக்கும் கொடுக்கப்பட்ட எடை நாடு முழுவதற்கும் 45.86 சதவீதம், கிராமப்புறத்துக்கு மட்டும் 54.18. 2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்தபோது அந்த எடை 37 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நாட்டின் செலவுப் பழக்கம் மாறியிருப்பதால் அது நியாயமான திருத்தம்தான். ஆனாலும் 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலேயே கிராமப்புறக் குடும்பம் தன் செலவில் 47 சதவீதத்தைச் சாப்பாட்டுக்குத்தான் ஒதுக்குகிறது. இதுவும் சராசரி. அதில் மாடி வீடும் கார் கடனும் உள்ளவரும் உண்டு, களையெடுக்கப் போகும் பெண்ணும் உண்டு. வருமானம் குறையக் குறையச் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்பது எல்லா நாட்டிலும் கண்ட உண்மை. ஆகவே அரசு வெளியிடும் எண்ணைவிட அந்தப் பெண்ணின் பணவீக்கம் உணவு விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறும் வருஷங்களில் அதிகமாகத்தான் இருக்கும்.

விலை எங்கே தீர்மானமாகிறது

சிவகிரிக் கடையில் இருக்கும் துவரம்பருப்புக்குப் பெரும்பாலும் கர்நாடகத்துக் கலபுரகி அல்லது மகாராஷ்டிரம் பிறந்த ஊராக இருக்கும். நாட்டு விளைச்சல் போதாதபோது மியான்மர், மொசாம்பிக், தான்சானியாவிலிருந்து கப்பலில் வரும். அங்கே மழை பொய்த்தால் இங்கே சாம்பார் நீர்த்துப் போகும். எண்ணெயில் இன்னும் மோசம். நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே வடைச் சட்டி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரிந்தது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் ஏற்கெனவே தட்டுப்பாட்டில் இருந்த நேரம் அது. பிறகு 2024 செப்டம்பரில் மத்திய அரசே கச்சா சமையல் எண்ணெய் வகைகளுக்கான இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஒரே நாளில் உயர்த்தியது. எண்ணெய் வித்து பயிரிடும் உள்நாட்டு விவசாயியைக் காக்க என்றார்கள். விவசாயிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது விவாதம். முப்பது ரூபாய்க்கு எண்ணெய் வாங்கியவருக்கு அளவு குறைந்தது மட்டும் விவாதம் இல்லாத விஷயம். 2025 மே கடைசியில் அந்த வரியில் ஒரு பகுதியைக் குறைத்தார்கள்.

காய்கறி விலைக்கு இந்த வட்டாரத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு, அது கேரளா. மதுரையிலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை சிவகிரி வழியாகத்தான் போகிறது. செங்கோட்டை, புளியரை தாண்டினால் மலையாள நாடு. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து தினமும் லாரி லாரியாகக் காய் அங்கே போகிறது. ஓணம் நெருங்கினால் முருங்கைக்கும் வாழைக்காய்க்கும் இங்கே மவுசு ஏறிவிடும், ஐயப்ப சீசனிலும் அப்படியே. நம் தோட்டத்தில் பறித்த காய்க்கு நம் தெருவில் என்ன விலை என்பதை அந்தப் பக்கத்து வியாபாரி எவ்வளவு தரத் தயாராக இருக்கிறார் என்பது முடிவு செய்கிறது. விளைவிப்பவருக்கு இது நல்லது, சந்தேகமே இல்லை. வாங்கித் தின்பவருக்கு வேறு மாதிரி.

தேங்காய் இதற்குச் சரியான சாட்சி. 2024-ன் கடும் வெயிலும் வெள்ளை ஈத் தாக்குதலும் காய்ப்பைக் குறைத்தன. இளநீருக்கு வெட்டுவதும் கூடியது. 2025 நடுவில் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் பல வருஷ நஷ்டத்துக்குப் பிறகு நிமிர்ந்தார்கள், அது அவர்களுக்கு வர வேண்டிய காசுதான். ஆனால் அந்தத் தோப்பிலேயே காய் பொறுக்கிப் போட்டுவிட்டு வரும் வீட்டில், தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆனது. முழுக்காய் வாங்கியவர்கள் மூடிக்கும், மூடி வாங்கியவர்கள் சில்லுக்கும் இறங்கினார்கள்.

தக்காளியில் நடப்பது வேறொரு சுழற்சி. 2023 ஜூலையில் கிலோ 150 ரூபாயைத் தாண்டி ஏறியபோது தமிழக அரசு சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. சின்ன வெங்காயமும் அதே மாதத்தில் 200 ரூபாயைத் தொட்டது. அந்த மாதம் நாட்டின் காய்கறிப் பணவீக்கம் 37.34 சதவீதம். விலையைப் பார்த்த விவசாயிகள் எல்லோரும் தக்காளி நட்டார்கள். எல்லோரும் நட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளையும், பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விடும் நாளும் வரும். நொந்துபோய் அடுத்த பட்டத்தில் பாதிப்பேர் நடமாட்டார்கள். மறுபடி விலை ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் நிலையாக லாபம் பார்ப்பது, நடுவில் வாங்கி வைத்து விற்க வசதி உள்ளவர்தான். நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது 33 காசு, வெங்காயத்தில் 36 காசு என்று 2024 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி ஆய்வுக் கட்டுரை ஒன்று சொன்னது. மீதி கமிஷன், வாடகை, டீசல், கழிவு, லாபம். விலை ஏறினால் விவசாயி சம்பாதிக்கிறான் என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் இந்த 33 காசை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அரிசியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ரேஷன் அரிசியை இட்லி மாவுக்கு வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் கடை அரிசி வாங்கும் வீடுகள் ஏராளம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதன் பிறகுதான் 26 கிலோ மூட்டை என்ற ஒன்று தமிழ்நாட்டுக் கடைகளில் முளைத்தது. ஒரு கிலோ கூடுதலாக இருந்தால் வரி கிடையாது. மொத்தமாக 26 கிலோ வாங்கக் காசு உள்ளவர் வரியிலிருந்து தப்பினார். ஐந்து கிலோ, பத்து கிலோ பையாக வாங்குபவர் வரியைக் கட்டினார்.

கூலி ஏறவில்லையா?

ஏறியது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2018-19ல் அறிவித்த தினக்கூலி 224 ரூபாய். 2024-25ல் 319 ரூபாய். அதாவது 42 சதவீதம். அதே ஆறு வருஷத்தில் உணவு விலை 47 சதவீதம். பெரிய இடைவெளி இல்லையே என்று தோன்றலாம். ஆனால் 319 என்பது அறிவிப்பு. அளந்து பார்த்து, வேலை குறைவு என்று சொல்லிக் கழித்த பிறகு கையில் வந்தது வேறு. நூறு நாளும் வேலை கிடைத்த குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கூலி வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரலில் ஏறும். தக்காளி ஒரே வாரத்தில் ஏறும். நடுவில் உள்ள மாதங்களைக் கடையில் பற்று வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். பற்று கூடினால் மகளிர் குழுவில் கடன், அதுவும் போதாமல் போனால் தோடு அடகுக்கடைக்குப் போகும். சாப்பாட்டுக்காக வாங்கிய கடன் என்று அதை யாரும் சொல்வதில்லை, பள்ளிக்கூடத் திறப்பு, காதுகுத்து என்று ஏதோ ஒரு பெயரில் அது நிற்கும்.

உதவித் தொகைகளுக்கு ஏப்ரல்கூட இல்லை. 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயாகத் தொடங்கியபோது அது பல வீடுகளில் ஒரு மாத மளிகையின் பெரும்பங்கை அடைத்தது. முதியோர் உதவித்தொகையும் அதே வருஷம் ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. இந்தத் தொகைகள் உயிர்மூச்சு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இவை எந்த விலைக் குறியீட்டோடும் கட்டப்படவில்லை. அரசு ஊழியரின் அகவிலைப்படி வருஷத்துக்கு இரண்டு முறை விலைவாசியைப் பார்த்துத் திருத்தப்படுகிறது. களையெடுக்கும் பெண்ணுக்கும் அவள் மாமியாருக்கும் அதே நியாயம் ஏன் பொருந்தாது என்பதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லிக் கேட்டதில்லை.

ரிசர்வ் வங்கி என்ன செய்கிறது? 2016 முதல் பணவீக்கத்தை நான்கு சதவீதத்தில், இரண்டு சதவீதம் முன்பின்னாக, வைத்திருப்பது அதன் சட்டக் கடமை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டியை நான்கிலிருந்து ஆறரை சதவீதமாக ஏற்றியது. வீட்டுக் கடன் தவணை கூடியது, ஊரில் தொழில் செய்பவருக்குக் கடன் சுருங்கியது. மழையில் அழுகிய தக்காளியை வட்டி விகிதம் மீட்டுத் தராது. அந்த வேலை குளிர்பதனக் கிடங்கும் கொள்முதலும் ரேஷன் கடையும் செய்ய வேண்டியது.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத பாடம் அல்ல. 1967 தேர்தலில் ஆட்சி மாறியதற்கு அரிசித் தட்டுப்பாடும் ஒரு பெரிய காரணம். ரூபாய்க்கு மூன்று படி என்று வாக்குறுதி தந்து, ஒரு படியாகச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்கள். அங்கிருந்து இன்றைய எல்லோருக்குமான ரேஷன் வரை வந்தது ஒரு நீண்ட உழைப்பு. 2007-ல் தொடங்கிய, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும் சிறப்புத் திட்டமும் அதன் தொடர்ச்சிதான். பள்ளிக்கூடத்தில் மதிய உணவோடு முட்டை, 2023 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு. விலைவாசி உச்சத்தில் இருந்த வருஷங்களில் சிவகிரி வட்டாரத்துப் பிள்ளைகள் பட்டினி கிடக்காததற்கு இவைதான் காரணம்.

ஆனாலும் வயிறு நிறைவதும் உடம்பில் சத்து சேர்வதும் ஒன்றல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இலவச அரிசி வந்து எட்டு வருஷத்துக்குப் பிறகு எடுத்த கணக்கு இது. விலை ஏறும் மாதங்களில் வீட்டில் முதலில் தட்டைச் சுருக்கிக்கொள்பவள் அம்மாதான். முட்டை பிள்ளைக்கு, மீன் துண்டு வேலைக்குப் போகும் ஆணுக்கு, அடிச்சட்டிக் குழம்பும் ஊறுகாயும் அவளுக்கு. சந்தை விலைப் பட்டியலில் இது பதிவாவதே இல்லை, பல மாதம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில்தான் தெரிய வருகிறது.

அதனால் இனி பேச்சு பருப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நான்கு பேர் உள்ள வீட்டில் பிரித்தால் ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு எட்டு கிராம் சொச்சம். பருப்பும் முட்டையும் மாமிசமுமாகச் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி. அந்த எட்டு கிராமும் தவறாமல் வருவதில்லை. 2024 மே மாதப் பருப்பும் பாமாயிலும் வரத் தாமதமாகி, ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவிக்க வேண்டி வந்தது. சிறப்புத் திட்டம் தொடங்கியபோது உளுந்தும் இருந்தது, பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய உளுந்தில் அரைக் கிலோவும், துவரையில் இன்னொரு கிலோவும் மாதத்தின் முதல் வாரமே சிவகிரி தாலுகாக் கடைகளில் இறங்கினால் அந்தக் கணக்கு ஆளுக்கு இருபது கிராமைத் தொடும்.